பந்து உன் கையில்தான் இருந்தது

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ அனுப்பிய இரண்டு கடிதங்களும் மேசை மேல்தான் இருக்கின்றன, தினமும் கண்ணில் படுகின்றன. வேலை, அலைச்சல் என்று சாக்குச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் நலம். உன் தங்கைக்கு முதுகுவலி குறைந்துவிட்டது. நாம் சித்தப்பா என்று கூப்பிடும் நம் கல்லூரி அணிக்காரன் மறுபடியும் வேலை மாறிவிட்டான். புது அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே எப்போதும் சொல்லும் அந்த நீல பஸ் கதையைச் சொல்லி முடித்துவிட்டானாம்.

இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் சின்னவன்.

பள்ளிக் கால்பந்து அணியில் எட்டாம் நம்பர், நடுக்களம். போன சனிக்கிழமை அரையிறுதியில் ஒரு பெனால்டி கிடைத்தது. இவனே பந்தை எடுத்துக்கொண்டு போனான். கோல்கீப்பர் தடுத்துவிட்டான், தோற்றுவிட்டார்கள். அது போகட்டும், பெனால்டியைத் தவறவிடாதவன் யார்? என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்த அரை மணி நேரம். இவன் பந்தே கேட்கவில்லை. சும்மா பார்த்தால் தெரியாது. ஓடிக்கொண்டுதான் இருந்தான், கையைக்கூட இரண்டு தடவை தூக்கினான். ஆனால் ஒவ்வொரு முறையும் எதிரணிக்காரன் ஒருவனின் முதுகுக்குப் பின்னால், யாரும் பாஸ் கொடுக்க முடியாத இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டான். கோட்டுக்கு வெளியே கைதட்டிக்கொண்டிருந்த பெற்றோர்களுக்கு அது புரிந்திருக்காது. நடுக்களத்தில் ஆடியவனுக்குப் புரியும். உனக்குப் புரியும்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். இனிமேல் களத்தின் ஓரமாக, விங்கில் ஆடுகிறேன் என்றான். ராத்திரி அவனை எப்படியோ இழுத்து வைத்துப் பழைய ஆட்டங்களைக் காட்ட ஆரம்பித்தேன். யாருடைய ஆட்டம் என்று நீ கேட்கவே வேண்டாம். குரோஷியாவின் நடுக்கள ஆட்டக்காரர் லூகா மோட்ரிச்தான்.

உடனே முகத்தைச் சுளிக்காதே. ஸ்பெயினின் சாவி, இனியெஸ்டா இரண்டு பேரைத் தவிர வேறு யாரையும் மிட்ஃபீல்டர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாய். 2012-ல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப் இவரை வாங்கிய சில மாதங்களிலேயே ஒரு ஸ்பெயின் பத்திரிகை வாக்கெடுப்பு நடத்தியது. சீசனின் மிக மோசமான ஒப்பந்தம் என்று வாசகர்கள் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு நடுராத்திரியில் எனக்கு போன் போட்டுச் சிரித்தாயே, அதை நான் மறக்கவில்லை. அந்த மனிதர் 13 சீசன் அங்கே ஆடி, ஐரோப்பியக் கிளப்களின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் ஆறு உட்பட 28 கோப்பைகளை ஜெயித்துவிட்டு 2025-ல்தான் விடைபெற்றார். உன்னிடம் பல வருடமாகச் சொல்லக் காத்திருந்த கணக்கு இது, சொல்லிவிட்டேன்.

பையனுக்கு முதலில் கோப்பைக் கதை எதுவும் சொல்லவில்லை. மோட்ரிச்சின் ஆறு வயதுக் கதையைச் சொன்னேன். 1991 டிசம்பரில், குரோஷியப் போரில் தாத்தாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர் பெயரும் லூகாதான். குடும்பம் ஊரை விட்டு ஓடி, ஸாதர் நகரத்தில் அகதிகளைத் தங்கவைத்திருந்த ஓர் ஓட்டலில் அடைக்கலம் புகுந்தது. அந்த ஓட்டலின் கார் நிறுத்துமிடத்தில்தான் குட்டி லூகா பந்து உதைத்தான். ஸாதர் கிளப்பில் சிறுவர்களைப் பார்த்துக்கொண்ட தோமிஸ்லாவ் பாசிச் என்ற பெரியவர், காலில் கட்டிக்கொள்ளும் ஷின் பேடை மரத்தில் தானே செய்து கொடுத்திருக்கிறார். அந்த இடம் வந்ததும்தான் சின்னவன் திரும்பிப் பார்த்தான். ‘மரத்துலயா?’ என்றான். அன்று ராத்திரி உட்கார்ந்த பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

ஹைடுக் ஸ்ப்ளிட் கிளப் உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பியது. தினமோ ஸாக்ரெப் எடுத்துக்கொண்டது, ஆனால் 18 வயதுகூட ஆகாத பையனை லோனில், அதாவது இரவலாக, போஸ்னியாவுக்கு, ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் அணிக்கு அனுப்பிவிட்டது. அந்த லீக்கில் முரட்டு ஆட்டம். அங்கே ஆடிவிட்டால் எங்கேயும் ஆடலாம் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 2008-ல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம், நாலு வருடம் கழித்து மாட்ரிட், 2025-ல் இத்தாலியின் மிலான். மிலானில் ஆடிய தன் நாட்டு வீரர் போபனைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவர் அல்லவா, அங்கே போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

2022 ஏப்ரல் 12 ஆட்டத்தை உன்னிடம் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தின் செல்சி, மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேயுவுக்கு வந்து மூன்று கோல் போட்டுவிட்டது, மாட்ரிட் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-3 என்று பின்தங்கியிருக்கிறது, பத்து நிமிடம்தான் பாக்கி. கோலுக்கு வெகுதூரத்தில், இடப்பக்கமாக, மோட்ரிச்சிடம் பந்து வருகிறது. வலது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு தட்டு. முழங்கால் ஏறக்குறைய நேராகவே இருக்கிறது, பாதம் மட்டும் உள்ளே திரும்புகிறது. பந்து தடுப்பாட்டக்காரர்கள் தலைக்கு மேல் வளைந்து போய், அந்தக் கடைசியில் ஓடிவரும் ரோட்ரிகோ கால் வைக்கும் இடத்தில் இறங்குகிறது. சற்று முன்னால்தான் களத்துக்குள் வந்த பையன் அவன். பந்து தரையைத் தொடுவதற்குள் உதைத்துவிட்டான். நான் அந்த பாஸை இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். பந்து வருவதற்கு முன்னால் அவர் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று பார், மாப்ளே. ‘பந்தைப் பார்க்காதே, பந்து வரப்போற இடத்தைச் சுத்திப் பாரு’ என்று நம் கல்லூரி மாஸ்டர் விசிலைக் கடித்துக்கொண்டு கத்துவாரே, அதுதான்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். பையன் அந்த பாஸைப் பார்த்துவிட்டு, ‘இவர் பெனால்டி எதுவும் விட்டதே இல்லையா?’ என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தேன்.

2008 யூரோ, ஐரோப்பிய நாடுகளின் கோப்பை. வியன்னா. நாம் சேர்ந்து பார்த்த ஆட்டம். முதல் ஆட்டத்தில் அதே மைதானத்தில் ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பெனால்டியில்தான் கோல் அடித்திருந்தார். காலிறுதியில் துருக்கி. 119-வது நிமிடத்தில் மோட்ரிச் தூக்கிக் கொடுத்த பந்தில் கிளாஸ்னிச் தலையால் முட்டி கோல். துருக்கி கடைசி மூச்சில் சமன் செய்தது. மாறி மாறிப் பெனால்டி அடித்து முடிவு காணும் ஷூட் அவுட்டில் குரோஷியாவின் முதல் ஆளாக 22 வயது மோட்ரிச் வந்தார், வெளியே அடித்தார். அதை நீ பார்க்கவில்லை. அவர் பந்தை வைக்கக் குனிந்தபோதே எழுந்துவிட்டாய், தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாய். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பத்து வருடம் கழித்து ரஷ்ய உலகக் கோப்பை. டென்மார்க்குடன் 1-1, கூடுதல் நேரம், 116-வது நிமிடம். மோட்ரிச்சின் பாஸில்தான் ரெபிச் ஓடினார், விழவைத்தார்கள், பெனால்டி. கேப்டன் மோட்ரிச்சே அடித்தார், டென்மார்க் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார். நாட்டுக்கே கையில் கிடைத்த ஆட்டம் நழுவிவிட்டது. சில நிமிடத்தில் ஷூட் அவுட். அதே கோல்கீப்பர். இந்த மனிதர் மூன்றாவது ஆளாக நடந்து வருகிறார். நடுவட்டத்திலிருந்து புள்ளி வரைக்கும் அந்த நடையை நான் பையனுக்கு மூன்று முறை காட்டினேன். கிட்டத்தட்ட நடுவிலேயே அடித்தார், ஷ்மைக்கேல் காலுக்குப் பக்கத்தில் உள்ளே போனது. அடுத்த சுற்றில் ரஷ்யாவுடனும் ஷூட் அவுட், அதிலும் வந்தார். கோல்கீப்பர் கையில் பட்டு, கம்பத்தில் பட்டு, உள்ளே விழுந்தது. இறுதி ஆட்டத்தில் பிரான்சிடம் தோற்றார்கள், ஆனாலும் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் அந்த வருட பாலன் டி’ஓரும் அவருக்கே. பத்து வருடமாக மெஸ்ஸியும் ரொனால்டோவும் தவிர வேறு யாருக்கும் போகாத விருது.

2024 யூரோவில் இத்தாலிக்கு எதிராக மறுபடியும் ஒன்றை விட்டார். டோனாரும்மா தடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோலுக்கு முன்னால் சிதறிய பந்தை உள்ளே அடித்துவிட்டார். 38 வயதில். யூரோ வரலாற்றில் அவரை விட மூத்தவர் யாரும் கோல் அடித்ததில்லை. இத்தாலி 98-வது நிமிடத்தில் சமன் செய்துவிட்டது, அதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

டென்மார்க் ஆட்டத்தின் அந்த நடையை மூன்றாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு உன் முகம் வந்தது.

நம் கல்லூரி இறுதி ஆட்டம். அரையிறுதியில் நீ ஒரு பெனால்டியை விட்டிருந்தாய், எப்படியோ ஜெயித்துவிட்டோம். இறுதியில் பெனால்டி கிடைத்ததும் யாரும் சொல்லாமல் நீயே போய்ப் பந்தை எடுத்தாய். அக்குளில் இடுக்கிக்கொண்டு புள்ளியை நோக்கி நடந்தாய். நான் கேப்டன். ஓடிவந்து உன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவன் அடித்தான், கோப்பை நமக்கு. எல்லோரும் என் முடிவைப் பாராட்டினார்கள், மாஸ்டர் உட்பட. இத்தனை வருடம் நானும் அது சரி என்றே நினைத்திருந்தேன்.

மீதி ஆட்டத்தில் நீ எங்கே நின்றாய் என்று எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எதிரணிக்காரன் முதுகுக்குப் பின்னால். அன்றைய எட்டாம் நம்பர் பந்தே கேட்கவில்லை. அதற்குப் பிறகு விளையாட்டுக்குக்கூட நீ பெனால்டி அடித்து நான் பார்த்ததில்லை. போட்டோவில் ஓரத்தில் நிற்கிறாய், கோப்பையை நீ தொடவே இல்லை. டென்மார்க் ஆட்டத்தில் குரோஷியாவின் பயிற்சியாளர் தாலிச் செய்யாததை நான் உனக்குச் செய்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு.

பையனிடம் இதையும் சொன்னேன், உன் பெயரைச் சொல்லித்தான். கோபித்துக்கொள்ளாதே. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ‘மாமா எந்தப் பக்கம் அடிக்கிறதா இருந்தார்?’ என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நான் உன்னிடம் கேட்டதே இல்லை. பதில் எழுதும்போது அதை அவனுக்கே எழுது, எனக்கு வேண்டாம். அவன் பெயரில் தனிக் கடிதமாகப் போடு.

அன்புடன்,
உன் பழைய கேப்டன்