எம்மா, பாண்டாவுக்கு நம்ம கடை மூங்கில் சரிப்படாது

பாளையங்கோட்டை,
பங்குனி 12.

எம்மா,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க நெல்லையப்பர் துணை. இதைத் தாளில் எழுதி எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்திருக்கிறேன். போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். போனில் பேசினால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன், நீயும் "சரிப்பா, சாப்பிட்டீங்களாப்பா" என்று முடித்துவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் கேட்டானே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அவனைக் கால்கரி மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போனாய். அவன் உன் வயிற்றில் இருந்தபோது அதே இடத்தில் நீ எடுத்த பாண்டா போட்டோவைக் காட்டினாய். எங்கே அது என்று கேட்டிருக்கிறான். மூங்கில் கிடைக்கவில்லை, ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாய். உடனே எனக்குப் போன்: "தாத்தா, உங்க கடைல மூங்கில் நெறைய இருக்குல்லா? பிளேன்ல அனுப்புங்க, பாண்டா திரும்பி வந்துரும்."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷ யாவாரத்தில் சாரத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், பந்தலுக்கும் ஏணிக்கும் துரட்டிக்கும் கேட்டிருக்கிறார்கள், துட்டி வீட்டுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறார்கள். தின்பதற்கு வேணும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வந்த ஆர்டரை விசாரிக்காமல் தள்ளுவது நம்ம வழக்கமில்லையே. நாலு நாள் நூலகத்துக்கு நடந்தேன், மிச்சத்தை எதிர்வீட்டுப் பையன் போனில் தேடி வாசித்துக் காட்டினான். கணக்கு நோட்டில் குறித்தும் வைத்தேன்.

நீ பார்த்த பாண்டா ஜோடி, எர் ஷுனும் டா மாவும், 2013-இல் கனடாவுக்கு வந்தவை. முதலில் டொரண்டோவில் அஞ்சு வருஷம், 2018-இல் உங்க ஊருக்கு. 2023 வரை இருக்கவேண்டியது பேச்சு. ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோ மூங்கில் கேட்கும் என்று உங்க ஊர்க்காரர்களே சொன்னார்கள். ரெண்டுக்கு 80. மாசத்துக்கு 2,400 கிலோ. அவ்வளவும் தின்று தீர்ப்பதில்லை, மோந்து பார்த்துப் பாதியை ஒதுக்கிவிடும். வாழையிலைக் கட்டை விரித்து விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் மாதிரி.

அந்த மூங்கில் சீனாவிலிருந்து நேராக விமானத்தில் கால்கரிக்கு வந்துகொண்டிருந்தது. 2020-இல் விமானம் நின்றது, மூங்கிலும் நின்றது. வேறு வழியாக வரவழைத்தார்கள். சுற்றிச் சுற்றி வந்து சேர்வதற்குள் பதம் போய்விடும், பாண்டா வாய் வைக்காது. யாவாரி என்கிற முறையில் எனக்கு இது நன்றாகவே விளங்குகிறது. அந்த மே மாசமே 'எங்களால் முடியாது, திருப்பி அனுப்பிவிடுகிறோம்' என்று அறிவித்தார்கள். அனுப்பவும் லேசில் முடியவில்லை, அனுமதிச் சீட்டு எல்லாம் கைக்கு வந்து வண்டி ஏற்ற நவம்பர் ஆகிவிட்டது.

பேரனிடம் பைய எடுத்துச் சொல். நம்ம கடையில் இருப்பது காய்ந்த கழி. இலை கிடையாது, குருத்து கிடையாது. வெட்டி மாசக்கணக்கில் வெயிலில் கிடந்தது. அது சாரத்துக்கு நல்லது, பாண்டாவுக்கு விறகு. அதன் குடல் வேறு நம்ம ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கிற மாதிரி இல்லையாம், கறி தின்கிற சாதியின் குடல். தின்றதில் ஆறில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும், மற்றது அப்படியே வெளியே. அதனால்தான் நாளில் பாதி நேரம் உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கிறது. இன்னொன்றைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். மூங்கிலைப் பிடிக்க அதற்கு ஆறாவது விரல் ஒன்று உண்டு. உண்மையில் விரல் இல்லை, மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு பெருவிரல் மாதிரி வேலை செய்கிறது. எங்க கடையில் கழி பிளக்கிற ஆளுக்கு இடது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, எலும்பாட்டம் காய்ப்புக் காய்த்திருக்குமே, சின்னப் பிள்ளையில் நீ தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய். அதுதான் நினைவுக்கு வந்தது.

மூங்கிலை நம்பின பிழைப்பு எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். நாற்பது, அம்பது வருஷத்துக்கு ஒருமுறை முள்ளுமூங்கில் மொத்தமாகப் பூக்கும், அரிசி உதிர்க்கும், காடு முழுக்கச் செத்துக் காயும். பாவநாசம் மலைப் பக்கம் அப்படிப் பூத்த வருஷம் உங்க தாத்தா மூங்கிலரிசி வாங்கி வந்து கஞ்சி காய்ச்சச் சொன்னாராம். ருசியாக இருந்ததாம். அடுத்த நாலு வருஷம் சரக்கு இல்லாமல் விறகு விற்றாராம். சீனாவிலும் 1970-களின் நடுவில் மின் என்கிற மலையில் இப்படிப் பூத்துக் காய்ந்தபோது 138 பாண்டா செத்துக் கிடந்ததை எண்ணியிருக்கிறார்கள். பக்கத்து மலைக்குப் போய்த் தின்னலாமே என்றால் நடுவில் ஊரும் வயலும்.

இனி குத்தகைக் கதை. பாண்டா உங்க ஊர்க்காரர்களுக்குச் சொந்தம் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. முன்னே சீன அரசு சும்மா கொடுத்தது. 1972-இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அங்கே போய் வந்த பிறகு வாஷிங்டனுக்கு ரெண்டு, அதே வருஷம் ஜப்பானில் உவேனோவுக்கு ரெண்டு. 80-களில் அது நின்றுபோய், வாடகை வந்தது. ஜோடிக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை, பெரும்பாலும் பத்து வருஷக் கெடு. பிறக்கிற குட்டியும் சீனாவுக்குத்தான். டொரண்டோவில் 2015-இல் எர் ஷுன் ரெட்டைக் குட்டி போட்டது. ஜியா பான்பான், ஜியா யுவேயுவே என்று பேர் வைத்தார்கள், 'கனடாவின் நம்பிக்கை', 'கனடாவின் மகிழ்ச்சி' என்று அர்த்தமாம். பிறந்தது கனடா, பேரிலும் கனடா, ஆனால் 2020 ஜனவரியில் ரெண்டும் சீனாவுக்கு ஏறிவிட்டன. நம்ம பேரன் கதை நேர் எதிர். ஆச்சி ஊர் திருநெல்வேலி என்று சொல்லிக்கொடுத்தாலும் பயலுக்குப் பனிதான் சொந்தம். அதற்கு என்ன செய்ய.

இப்படிப் பாண்டா இருந்து இல்லாமல் போன இடங்கள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன. கோலாலம்பூரில் உங்க சித்தி வரிசையில் நின்று பார்த்தாளே, அந்த ஜோடி 2014-இல் வந்தது, மூணு குட்டி போட்டது, 2025-இல் போய்விட்டது. பின்லாந்தில் ஆஹ்தரி என்ற சின்ன ஊர்க்காரர்கள் செலவு தாங்காமல் கெடு முடியும் முன்னே 2024-இல் திருப்பி அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆளைக் கூப்பிட்டுப் பந்தி போட்டபின் அரிசி போதாது என்று தெரிந்தால் வாய்விட்டுச் சொல்வதுதான் மரியாதை.

எனக்கு மனசில் நின்றது சிகாகோதான். 1936-இல் ரூத் ஹார்க்னஸ் என்று நியூயார்க்கில் உடை வடிவமைக்கிற ஒரு அம்மாள். புருஷன் பாண்டா பிடிக்கக் கிளம்பி ஷாங்காயில் செத்துப்போனார். மலை ஏறிப் பழக்கமில்லாத அந்தப் பெண், அவர் விட்ட வேலையை நான் முடிக்கிறேன் என்று போய், கைக்குழந்தை மாதிரி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கப்பலில் ஏற்றும்போது சீட்டில் 'நாய் ஒன்று, 20 டாலர்' என்று எழுதியிருந்ததாம்! நம்ம செங்கோட்டைச் செக்போஸ்ட்டில்கூட இவ்வளவு துணிச்சலான பில்லை நான் பார்த்ததில்லை. சூ லின் என்று பேர். சிகாகோ புரூக்ஃபீல்டு மிருகக்காட்சிசாலைக்குப் போனது, கூட்டம் அலைமோதியது, 1938-இல் செத்தது. அதுவரை பெட்டை என்று நினைத்திருந்தார்கள், அறுத்துப் பார்த்தால் கிடா. இப்போது பாடம் பண்ணி அங்கே ஒரு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

லண்டனில் சி சி என்று ஒன்று. அமெரிக்காவுக்குப் போகவேண்டியது, கம்யூனிஸ்ட் சீனாச் சரக்கு வேண்டாம் என்று அவர்கள் கதவடைத்ததால் 1958-இல் லண்டனுக்கு வந்தது. உலகக் கானுயிர் நிதியத்தின் (WWF) கறுப்பு வெள்ளைப் பாண்டாச் சின்னம் 1961-இல் வரையப்பட்டபோது கண்முன்னே இருந்தது இதுதான். மாஸ்கோவில் இருந்த ஆன் ஆனுக்குக் கட்டிவைக்க விமானத்தில் அனுப்பினார்கள், பிறகு மாப்பிள்ளையை லண்டனுக்கு வரவழைத்தார்கள். ரெண்டு தடவையும் பெண் முகம் திருப்பிக்கொண்டது. பொருத்தம் பார்க்காமல் வண்டிச்சத்தம் கொடுத்தால் இப்படித்தான். அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

மெக்சிகோவில் மட்டும் கதை வேறே. 1975-இல் இனாமாகக் கொடுத்த ஜோடி, வாடகைச் சட்டத்துக்கு முந்தினது. அதனால் பேத்தி ஷின் ஷின், 1990-இல் பிறந்தது, அந்த ஊருக்கே சொந்தம். குட்டி கிடையாது. அதோடு அந்த வம்சம் அங்கே முடிகிறது.

அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற ஊரில் லெ லெ, யா யா என்று ஒரு ஜோடி. இருபது வருஷம் அங்கே இருந்தவை. 2023 பிப்ரவரியில் லெ லெ செத்தது. ஏப்ரல் கடைசியில் யா யாவைத் தனியாக விமானம் ஏற்றினார்கள். இதை எதிர்வீட்டுப் பையன் வாசித்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான். அவனுக்கு நான் சொன்னேன்: காட்டில் அது ஒத்தையாகத் திரிகிற பிராணி, ஜோடி என்பதெல்லாம் நாம் வைத்த பேர், நீ படி என்று.

எம்மா, இனி நான் சொல்லவந்தது.

2020 மே மாசம் உங்க ஊரில் பாண்டாவுக்கு மூங்கில் இல்லை என்று கையை விரித்த அதே மாசம்தான் உங்க அம்மா போனாள். மூணு மாசக் கைக்குழந்தையோடு நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவுக்கு நம்மேல் கோபம், வராமல் போனதற்குக் கோபம் என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பதாக உன் தம்பி போன தீபாவளிக்குத்தான் சொன்னான். சவத்தைக் கழுதை, அதை என்னிடமே கேட்டிருக்கக்கூடாதா?

நான் திரும்பாததற்குக் காரணம் வேறு. செங்கோட்டை வழி வரவேண்டிய லோடு வராமல் கடை பூட்டிக் கிடந்தது. ஊரில் யார் போனாலும் பச்சை மூங்கில் நம்ம கடையிலிருந்துதான் போகும், நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன், துட்டி வீட்டில் விலை பேசமாட்டேன். அன்றைக்குப் பூட்டைத் திறந்து பார்க்கிறேன், உங்க அம்மாவுக்கு ரெண்டு பச்சைக் கழி இல்லை. எல்லாம் காய்ந்தது, ஒன்றில் கணுவுக்குக் கணு வண்டு துளைத்திருந்தது. இருபது பேருக்குமேல் கூடக்கூடாது என்று சட்டம், இருந்தவர்களில் யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். நான் கவனித்தேன். நீ போனில் பார்க்கிறாயே, பாடையில் கிடக்கிறது காய்ந்த கழி என்று உனக்கும் தெரிந்துவிடுமோ என்றுதான் தலை நிமிரவில்லை. மூங்கில் கடைக்காரன் மகள் அல்லவா நீ. உன்மேல் எனக்கு என்ன கோபம்? கரடிக்கே வழி கிடைக்க நவம்பர் ஆயிற்று, பச்சைப்பிள்ளைக்காரி நீ எங்கே வருவாய்?

அடுத்தது, கடையைச் சித்திரையோடு மூடுகிறேன். இடம் குத்தகை என்பது உனக்குத் தெரியும், கெடு முடிகிறது. நீட்டிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சாரத்துக்கு இரும்புக் குழாய் வந்துவிட்டது, ஏணி அலுமினியம், பந்தல் தகரம். பாடைக்குக்கூட இப்போது கண்ணாடிப் பெட்டி வைத்த வண்டி வந்து நிற்கிறது. மிச்சச் சரக்கை முறம் பின்னுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ அழுவாய் என்று தெரியும், அதனால் ஒன்று சொல்கிறேன். நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில், மார்கழி முடியப்போகிற சமயத்தில் போனது. 56 வயசு. அது போய் எவ்வளவு நாள் ஆகியும், போன வெள்ளிக்கிழமை சன்னதித் தெருவில் என் கை தானாக ரெண்டு பழம் வாங்கிவிட்டது. வாங்கினபிறகுதான் நினைப்பு வந்தது. திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. யானை நிற்கிற பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றேன். என்னை மாதிரியே இன்னொரு கிழவரும் பழத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஆளுக்கொன்று உரித்துத் தின்றுவிட்டு வந்தோம்.

ஆனி மாசம் உங்க ஊருக்கு வருகிறேன். நீ அஞ்சு வருஷமாகக் கூப்பிடுகிறாய், கடை இருக்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தேன், இனி அந்தச் சாக்கு இல்லை. ரெண்டு மாசம், அதற்குமேல் குளிருக்குமுன் கிளம்பிவிடுவேன். நயாகரா, அது இது என்று அலையவைக்காதே, எங்கே இருக்கிறதோ அது எங்கேயோ இருக்கிறது. பாண்டா இருந்த இடத்தைப் பேரன் எனக்குக் காட்டட்டும். அங்கே பழைய வேலையாட்கள் யாராவது இருந்தால் மாப்பிள்ளையை விசாரித்து வைக்கச் சொல்: வந்து இறங்கின மூங்கிலை எங்கே அடுக்கினார்கள், தண்ணீரில் நிறுத்தினார்களா, குளிர் அறையா, எத்தனை நாள் பச்சை நின்றது? அதை மட்டும் எனக்குப் பார்க்கவேணும்.

கடைசி மூங்கிலில் பேரனுக்கு ஒரு சின்ன முறம் பின்னச் சொல்லியிருக்கிறேன். விமானத்தில் கொண்டுவர விடுவார்களா, இல்லை பூச்சி பொட்டு இருக்கும் என்று உங்க ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்களா என்று கேட்டு எழுது. பிடுங்குவார்கள் என்றால் அல்வாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா