டிராக்கர் எதைப் பிடித்துக்கொள்கிறது?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பின் வீடியோ எடிட்டிங்கில் இறங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நானும் ஒரு நடன நிகழ்ச்சியின் பதிவைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே தாங்கள் கேட்ட மோஷன் டிராக்கிங், அதாவது காட்சியில் நகரும் ஒன்றைக் கணினியைக் கொண்டு பின்தொடரும் முறை, இப்போது என் அன்றாட வேலையாகவும் இருக்கிறது.

மிதிவண்டி ஓட்டுபவரின் தலைக்கு மேல் வைத்த பெயர், பாதி வழியில் நழுவிப் பின்னாலுள்ள சுவரோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப் பின்தொடரும் கருவியான டிராக்கருக்கு மனிதரும் தெரியாது, மிதிவண்டியும் தெரியாது. நாம் காட்டிய சிறு சதுரத்துக்குள் உள்ள ஒளி நிழல் அமைப்பை வைத்துக்கொண்டு, அடுத்த பிரேமில் (வீடியோவின் அடுத்த ஒற்றைப் படத்தில்) அதைச் சுற்றியுள்ள பரப்பில் அதுபோன்ற ஒன்றைத் தேடுவதே அதன் வேலை. தலைக்கவசத்தின் விளிம்பில் தாங்கள் வைத்த சதுரத்துக்குள் பாதிக்கு மேல் சுவர்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது சுவரைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

வெறும் துணிப்பரப்பில் வைத்த புள்ளி, அதாவது அந்தச் சதுரம், எந்தப் பக்கமும் அலையும், நேர்கோட்டில் வைத்தது அக்கோட்டின் நெடுக வழுக்கும், இரு திசைகளிலும் மாறுபாடு தெரியும் ஒரு மூலையில் வைத்ததுதான் நிலைத்து நிற்கும். 1981-இல் லூகாஸ், கனாடே என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குமுறையிலேயே இந்த வரம்பு உண்டு. இன்றைய டிராக்கர்கள் பலவும் அதன் வழிவந்தவையே.

பிளெண்டர் என்ற மென்பொருளில் ஒரு தெரிவு உண்டு: ஒவ்வொரு பிரேமையும் முந்தைய பிரேமோடு ஒப்பிடலாம், அல்லது நாமே புள்ளியை வைத்துக் குறித்த பிரேமோடு, அதாவது கீபிரேமோடு, ஒப்பிடலாம். முதல் முறையில் உருவம் மெல்ல மாறினாலும் பிடி விடாது, ஆனால் சிறு பிழைகள் சேர்ந்து புள்ளி நகர்ந்துவிடும்; இரண்டாவதில் நகர்வு குறைவு, ஆனால் ஆள் திரும்பினால் பிடி விட்டுப்போகும். நான் கீபிரேமையே நாடுகிறேன், ஏனெனில் பிடி விட்டது உடனே தெரிகிறது, நகர்வோ முடிவில்தான் கண்ணில் படுகிறது.

கம்பம் ஏதும் குறுக்கே வந்தால், மறைவுக்கு அப்பால் புதிய புள்ளி வைத்துப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஆளையே இனங்காணும் புதிய கருவிகளும் வந்துவிட்டன. பின்னணியை மங்கலாக்க அவை நன்று, ஆனால் கை அசையும்போதெல்லாம் உருவத்தின் மையமும் குலுங்குவதால் பெயர்ப்பலகைக்கு எனக்கு அவை உவப்பாக இல்லை.

இனிமேல் எடுக்கும் காட்சிகளில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி புகும் நேரம் குறையும்படி ஷட்டரைச் சற்று வேகமாக வையுங்கள். நொடிக்கு 25 பிரேம் என்றால் வழக்கமான 1/50 நொடிக்குப் பதில் 1/100 நொடி போதும். மூலைகள் கலங்காமல் பதியும். அந்தக் காட்சியை எனக்கும் அனுப்புங்கள், புள்ளி வைக்கத் தகுந்த இடத்தைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்