முகாமுக்குப் போகும் வழியே சரிந்து கிடக்கிறது: கோரிக்கை மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
மேல் லைன் குடியிருப்பு, பர்லியாருக்கு மேலே,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: நிலச்சரிவில் அறுந்துபோன குடியிருப்புப் பாதையை வடகிழக்குப் பருவமழைக்கு முன் சரிசெய்து தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து டிசம்பர், பிப்ரவரி, ஜூன் மாதங்களில் நாங்கள் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தாங்கள் எங்கள் ஊரை அறிவீர்கள் என்பதால் வழி சொல்லித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கடந்த ஜனவரியில் பலாமரத்து வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, பாதை அறுந்த இடம் வரை நடந்தே வந்தீர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த மழைக்கு முன்னால் இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும்" என்று உடன் வந்தவர்களிடம் சொன்னீர்கள். பக்கத்தில் நின்று அதைக் கேட்டவள் நான். அந்த வார்த்தையை நம்பித்தான் எங்கள் ஊரில் யாரும் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் உட்கார்ந்து மறியல் செய்யவில்லை. இப்போது செப்டம்பர் முடியப் போகிறது. பருவமழைக்கு இன்னும் மூன்று நான்கு வாரங்கள்தான். பாதை அன்று எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடக்கிறது. ஆகையால் இந்த நான்காவது மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. மலைப்பாதையிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு ஏறும் ஜீப் பாதையின் நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர். அதன் நடுவே, பழைய ஓடைக்கு மேலே, கடந்த நவம்பர் மழையில் சுமார் 35 மீட்டர் நீளத்துக்குத் தடுப்புச் சுவரும் பாதையும் சேர்ந்து கீழே போய்விட்டன. மலையை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு ஒரு விளிம்பு மட்டும் மிச்சம். எங்கள் ஆண்கள் சில்வர் ஓக் கம்புகளை நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். 38 வீடுகளுக்கும் வேறு வழி கிடையாது.

2. அந்தச் சுவர் மழையால் மட்டும் விழவில்லை. என் மருமகன் கொத்தனார். சரிந்து கிடந்த கற்களைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "தண்ணீர் வடிய துளை எங்கே விட்டிருக்கிறார்கள்?" என்றுதான். ஒன்றுகூட இல்லை. நம் மலையின் மண் தங்களுக்குத் தெரியும். மேலே சிவப்பு மண், அதற்கடியில் நனைந்தால் சோப்புப் போல வழுக்கும் களி, அதற்கும் கீழே பாறை. இறங்கிய தண்ணீர் களியின் மேல் தேங்கி வெளியே வர வழியில்லாமல் முட்டினால் எவ்வளவு கனமான சுவரும் நிற்காது. ஓடையை மண்ணடித்து மூடியதும், பாதையை அகலமாக்கச் சரிவின் அடியை வெட்டியதும் அந்தச் சுவரைக் கட்டிய அதே ஒப்பந்தப் பணியில்தான் நடந்தன.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. 1990 அக்டோபரில் கெத்தையில் குடும்பம் குடும்பமாக மண்ணுக்குள் போனார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை இறங்கிப் பஸ்களை அடித்துக்கொண்டு போனபோது எனக்கு 29 வயது. மறுநாள் காலை எங்கள் ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு போனார்கள். திரும்பி வந்து இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. 2009 நவம்பர் 10-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. அந்த மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல். ஒவ்வொரு முறையும் ஓடையை மறிக்கக் கூடாது, சரிவின் அடியை வெட்டக் கூடாது என்று சொன்னார்கள். எங்கள் பாதையில் இரண்டையும் செய்தார்கள்.

3. இனி எழுதப்போவதுதான் எங்களை மிகவும் வதைப்பது. தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படிக்க வேண்டுகிறேன்.

சிவப்பு எச்சரிக்கை வந்தால், அதாவது ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை வரலாம் என்றால், எங்களை முகாமுக்கு இறங்கச் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். முகாம் என்பது மலைப்பாதையோரத்துப் பள்ளிக்கூடம். அங்கே போவதற்கு அந்த அறுந்த இடத்தைத்தான் தாண்ட வேண்டும். எங்கள் ஊரிலேயே மிக ஆபத்தான 35 மீட்டரை, மிக ஆபத்தான நேரத்தில், 140 பேரும் தாண்டினால்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. மழையில்லாத நாளில் தாங்களே கயிற்றைப் பிடித்துத்தானே நின்றீர்கள், அம்மா?

டிசம்பரில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குக் கிராம உதவியாளர் தொலைபேசியில் அழைத்தார். "உடனே எல்லோரும் இறங்குங்கள், மேலிடத்து உத்தரவு" என்றார். அவர் மேல் குற்றமில்லை; எங்களுக்காகப் பதறியவர் அவர். மின்சாரம் மாலையிலேயே போயிருந்தது. குழந்தைகளைச் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்தோம். எனக்கு முன்னே கீழ் வரிசைக் கடைசி வீட்டுப் பெரியவர். எண்பது வயது, மூச்சிரைப்பு. பாதை அகலமாக இருந்தவரை நான்கு பையன்கள் அவரை ஒரு பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வந்தார்கள். விளிம்பு தொடங்கும் இடத்தில் நாற்காலி நுழையவில்லை. இரண்டடியில் நான்கு பேர் எப்படி நடப்பது? நாற்காலியை அங்கேயே போட்டுவிட்டு ஒருவன் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். இன்னொருவன் பின்னால் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டான். நான் டார்ச் அடித்தேன். வெளிச்சத்தில் தெரிந்ததெல்லாம் அந்தப் பையனின் கால்விரல்கள்தான். ஈரக் களியை விரல்களால் கவ்விக் கவ்வி நடந்தான்.

பாதி தூரத்தில் மேலே எங்கோ ஒரு கல் கழன்று உருண்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. எங்களைத் தாண்டி, கீழே ஓடை வரைக்கும் சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் நின்றுவிட்டோம். முதுகிலிருந்த பெரியவர், "என்னை வீட்டிலேயே விட்டிருக்கலாமே, தம்பி" என்றார். அந்தப் பையன் பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தான் என்பது அக்கரைக்குப் போய் டார்ச்சைத் திருப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு 19 வயது. என் அங்கன்வாடியில் படித்த பிள்ளை.

அந்த நாற்காலி இன்னும் அங்கேயே கிடக்கிறது. எடுத்துவர யாருக்கும் மனமில்லை.

அடுத்து மே மாதக் கோடை மழைக்கு மறுபடி எச்சரிக்கை வந்தது. இந்த முறை யாரும் இறங்கவில்லை. இரவு முழுக்க மேல் வரிசை வீடுகளில் கூடி உட்கார்ந்திருந்தோம். பிறகு விசாரித்தபோது, "பொதுமக்கள் முகாமுக்கு வர மறுத்துவிட்டனர்" என்று எழுதி அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அம்மா, நாங்கள் மறுக்கவில்லை. வழி இல்லாதவர்களை வர மறுத்தவர்கள் என்று எழுதுவது எந்த நியாயம்? நாளை ஏதாவது நடந்தால் அந்த ஒரு வரியைக் காட்டித்தானே பழியை எங்கள் தலையில் போடுவார்கள்? அந்த வரியைத் திருத்தி எழுத உத்தரவிட வேண்டும். பாதைக்கு அடுத்தபடியாக எங்களுக்கு அது வேண்டும்.

கர்ப்பிணிகளைப் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். 108 வண்டி பலாமரத்து வளைவு வரைதான் வர முடியும். அதனால் ஐந்தாம் மாதமே பெண்களை மேட்டுப்பாளையத்துக்கும் காரமடைக்கும் உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிடுகிறோம். நவம்பருக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு வளைகாப்புகூட நடக்கவில்லை. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, காடாகக் கிடந்த இடத்தில் தேயிலை நட்டு, மூன்று தலைமுறையாகப் பிள்ளை பெற்று வளர்த்த ஊர் இது.

4. எங்கள் மனுக்கள் என்ன ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மனுவுக்கு, பாதை தோட்டத்துக்குச் சொந்தம் என்று ஒரு துறை பதில் தந்தது. தோட்டத்தில் கேட்டால், சுவர் கட்டியது அரசு என்றார்கள். இரண்டாம் மனுவுக்கு, ஓடை வன எல்லையில் வருவதால் இன்னொரு துறையின் அனுமதி வேண்டும் என்றார்கள். மூன்றாம் மனுவுக்குக் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது என்று. எது முடிந்தது? எந்த நடவடிக்கை? ஒரு கூடை மண்ணாவது அள்ளினார்களா? அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அந்த விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தேன். கைபேசிக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

மாவட்டத்தில் 283 இடங்கள் ஆபத்தானவை என்று பட்டியல் இருப்பதாக ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தித்தாளில் வாசிக்கிறோம். அதில் எங்கள் பாதை இருக்கிறதா என்று மூன்று மனுக்களிலும் கேட்டிருந்தோம். இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நிலச்சரிவு வரப்போவதை முன்கூட்டியே சொல்ல இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் நம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பணி செய்கிறது. நல்லது. அறிவிப்பு வந்தபின் நடக்கப் பாதை வேண்டாமா?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். பொறுத்தருள வேண்டும். ஆனால் அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

5. இந்த மலையில் எந்த விபத்து நடந்தாலும் முதலில் ஓடிப்போய் நிற்பது அக்கம்பக்கத்துச் சனங்கள்தான். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். அன்று எரியும் மரங்களுக்கு நடுவே குடத்தில் தண்ணீர் சுமந்தவர்களும், வீட்டிலிருந்த கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் எங்களைப் போன்ற தோட்டக் குடும்பத்தார். ராணுவமே அவர்களுக்கு நன்றி சொன்னது. 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி மரப்பாலம் அருகே தென்காசிச் சுற்றுலாப் பயணிகளின் பஸ் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்த இரவிலும் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் ஓடினார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ஒரு ஸ்ட்ரெச்சர்கூட இல்லை. பெட்ஷீட்டைக் கம்பில் தொட்டிலாகக் கட்டித்தான் இன்றும் நோயாளியை இறக்குகிறோம்.

6. எங்கள் கோரிக்கைகள். முதலில், அக்டோபர் நடுவுக்குள் அந்த 35 மீட்டருக்குக் கைப்பிடியோடு ஒரு தற்காலிக இரும்பு நடைபாலம். பிறகு நிரந்தரச் சுவர். கம்பிவலைக் கூடைகளில் கல் அடுக்கிக் கட்டினால் தண்ணீர் தானாக வடியும் என்கிறார் என் மருமகன். நம் மாவட்டத்து நெடுஞ்சாலைச் சரிவுகளில் இரும்புக் கம்பிகளை மண்ணுக்குள் செலுத்திப் புல் வளர்த்திருக்கிறார்களே, அது பொருந்துமானாலும் சரி. எதைச் செய்வது என்பது பொறியாளர்கள் முடிவு. ஓடையைத் திறந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். வேலை நடக்கும்போது மண்ணைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. 2024 பிப்ரவரியில் லவ்டேல் பகுதியில் கட்டுமானப் பணியின்போது மண்ணோடு பழைய கட்டிடமும் சரிந்து ஆறு பெண்கள் இறந்தார்கள். எங்களுக்காகக் கூலிக்கு வருகிற யாரும் அப்படிப் போகக் கூடாது.

நடைபாலம் முடியும் வரை, இறங்காமலே தங்க ஊருக்குள் ஓர் இடம் வேண்டும். மேல் வரிசைக்குப் பின்னால், பாறை மேல், தோட்டத் தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்யும் பழைய மஸ்டர் கொட்டகை இருக்கிறது. 2009-இல் அதன் பக்கத்தில் ஒரு கல்கூட அசையவில்லை. தகரம் மாற்றி, கழிப்பறை ஒன்று கட்டி, ஸ்ட்ரெச்சர், கயிறு, டார்ச், தார்ப்பாய் வைத்துத் தந்தால் போதும். தகரம் போடும் கூலியை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். சாவியும் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அம்மா, தாங்கள் பாதையை நேரில் பார்த்தவர்கள். தங்கள் கையெழுத்து ஒன்று பட்டால் மூன்று துறைகளும் ஒரு மேசையில் உட்காரும் என்று நம்புகிறோம். மழைக்கு முன் நடைபாலம் வேண்டும். சுவர் பிறகு வரட்டும், பதில் கடிதம்கூடப் பிறகு வரட்டும். நடைபாலம் மழைக்கு முன் வேண்டும் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல் லைன் குடியிருப்புப் பொதுமக்கள்.

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், பாதையின் புகைப்படங்கள் நான்கு, 36 வீட்டாரின் கையொப்பங்களும் கைநாட்டுகளும். மீதி இரண்டு வீட்டார் மழைக்குப் பயந்து சென்ற வாரம் காரமடைக்கு வாடகை வீட்டுக்குப் போய்விட்டதால் அவர்களிடம் கையெழுத்து வாங்க முடியவில்லை.