கார்ல காத்து திருப்புற மோட்டாரை டெஸ்ட் பண்ணாமலே போச்சுன்னு சொன்னா எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசி மழையில கோத்தகிரிலேர்ந்து மேட்டுப்பாளையம் எறங்குறேன், அரவேணு தாண்டினதும் மிஸ்ட், வண்டிக்குள்ள நாலு பேரு மூச்சு வேற, கண்ணாடி பால் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. கண்ணாடிக்கு காத்து விடுற பட்டனை அமுக்குறேன் அமுக்குறேன், ப்ளோயர் சத்தம்தான் கேக்குது, காத்து பூரா காலுக்கே போகுது. மச்சான் துண்டால தொடைச்சுக்கிட்டே வர, குஞ்சப்பனை வரைக்கும் செகண்ட் கியர்தான்.

கீழ ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினா, ஒரு ஸ்க்ரூகூட கழட்டாம "காத்து திருப்புற மோட்டார் போச்சு சார், டேஷ்போர்டு எறக்கணும், 14,000 ஆகும்"னுட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லாம மலையேறி வந்துட்டேன்.

எங்க ஊரு எலக்ட்ரீஷியன் தம்பி க்ளவ் பாக்ஸை எறக்கி சோப்பு டப்பா சைஸ்ல இருக்குற அந்த மோட்டாரை வெளிய எடுத்துட்டாப்ல. அஞ்சு ஒயர், அதுல ரெண்டுதான் மோட்டாருக்கு, மிச்ச மூணும் உள்ள காத்தைத் திருப்பி விடுற ப்ளாப் (ஒரு தகடு) எந்த எடத்துல நிக்குதுன்னு சொல்ற சென்சாருக்கு, அதுக்கு வர்றது வெறும் 5 வோல்ட். ஒயரிங் படத்தை பாக்காம பேட்டரி கரண்டை அந்த சென்சார் ஒயர்ல குடுத்தா, அப்பதான் நெஜமாவே போகும்! மோட்டார் ஒயர் ரெண்டுக்கும் பேட்டரிலேர்ந்து 12 வோல்ட் குடுத்தான், சுத்துச்சு, ப்ளஸ் மைனஸை மாத்திக் குடுத்தான், எதிர்ப்பக்கமும் சுத்துச்சு. கடைசி வரைக்கும் போய் முட்டினதும் ஒயரை எடுத்துடணுமாம், இல்லன்னா உள்ள இருக்குற கியர் பல்லு போயிடும். அப்புறம் ப்ளாப் ஷாஃப்ட்டை வெரலால திருப்பிப் பாத்தா பாதியில டக்குனு நிக்குது. கம்பியை வளைச்சு உள்ள விட்டு இழுத்தான், கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) எலை, காம்போட, அருவா மாதிரி ஒண்ணு!

டேஷ்போர்டு மேல, கண்ணாடியை ஒட்டி இருக்குற காத்து ஓட்டை வழியா விழுந்திருக்கு. ஜன்னல் வழியா உள்ள வந்ததுதான், நம்ம மலையில கற்பூர மரத்தடியில நிறுத்தாம வேற எங்க நிறுத்துறது சொல்லுங்க. கூலி 400 ரூபா, மோட்டார் இன்னைக்கும் அதேதான் ஓடுது.

பார்ட் மாத்தவே கூடாதுன்னு சொல்லல. எஸ்டிமேட் எழுதுறதுக்கு முன்னாடி கழட்டி, கரண்ட் குடுத்து, வண்டிக்காரன் கண்ணு முன்னாடி சுத்துதா இல்லையான்னு காட்டுங்க, பில்லுல அதையும் எழுதுங்க. அந்த சோதனைக்கு தனியா 200 ரூபா போட்டாலும் குடுத்துட்டுப் போறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், அரவேணு