உரம் வைத்தும் மஞ்சளாகும் காப்பி

கோத்தகிரி
கார்த்திகை மாதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி அழாமல் பள்ளிக்கூடம் போகிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ஐப்பசியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. முட்டிவலி தேவலை, மேட்டுத் தோட்டம் வரை நடந்து வர முடிகிறது. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

உரம் வைத்தும் பள்ளத்துப் பக்கத்துக் காப்பிச் செடிகள் அடியிலையிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன, இன்னொரு மூட்டை போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. மேட்டில் இருக்கும் செடிகள் அதே உரத்தில் பச்சையாக நிற்கின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வேருக்கு மூச்சு முட்டுகிறது என்றே நினைக்கிறேன்.

மண்ணில் உர உப்பைப் போட்டால் தண்ணீரோடு தானாக வேருக்குள் போய்விடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. பொட்டாசியத்தையே எடுத்துக்கொள். வெளியே மண்நீரில் இருப்பதைவிட வேர்ச் செல்லுக்குள் நூறு மடங்குகூட அதிகமாக இருக்கும். ஏற்கெனவே நிறைந்த இடத்தில் மேலும் சேர்க்க வேண்டுமானால் சக்தி செலவழித்தாக வேண்டும். அந்த வேலைக்குச் செல்சவ்வில் புரதப் பம்புகள் இருக்கின்றன. செல்லுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளைச் செலவழித்து, நேர்மின் உள்ள ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. அதனால் செல்லின் உள்பக்கம் எதிர்மின் தன்மை கொள்கிறது, நேர்மின் உள்ள பொட்டாசியம் அந்த இழுப்பில் உள்ளே வருகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எதிர்மின் உள்ளவை. அவை வெளியே போன ஹைட்ரஜன் திரும்பி வரும்போது அதன் கூடவே ஒரே வாசலில் நுழைகின்றன. பம்பு நின்றால் எல்லாம் நின்றுபோகும். பம்பு ஓட ஏ.டி.பி. வேண்டும், ஏ.டி.பி.க்கு வேர் சுவாசிக்க வேண்டும். ஆக்சிஜன் தண்ணீரில் பரவும் வேகமோ காற்றில் பரவுவதில் 10,000-இல் ஒரு பங்குதான்.

1936-இல் கலிபோர்னியாவில் ஹோக்லாண்டும் பிராயரும் வெட்டியெடுத்த பார்லி வேர்களை உப்புக் கரைசலில் வைத்துப் பார்த்தார்கள். காற்றைக் குமிழ்விட்டபோது வேர்கள் உப்பைச் சேர்த்துக்கொண்டே போயின. ஆக்சிஜன் கிடைக்காதபோது சேர்ப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. உப்பு அதே உப்பு, வேரும் அதே வேர். உன் பள்ளத்தில் நடப்பதும் இதுதான். போதாததற்கு, தண்ணீர் தேங்கிய மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்காக நைட்ரேட்டை உடைத்து, நைட்ரஜனை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். நீ கொட்டுகிற காசு அப்படியும் போகிறது.

இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியதில் எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் ஒன்று உண்டு. வேரின் வெளிப்பகுதியில் செல்சுவர்கள் வழியாகவே தண்ணீரும் உப்பும் கசிந்து போய்விட முடியும். எந்தச் செல்லுக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. ஆனால் அகத்தோல் என்கிற உள்வளையம் வந்ததும் அந்த வழி அடைபடுகிறது. அங்கே ஒவ்வொரு செல்லையும் சுற்றி லிக்னினால் ஆன ஒரு பட்டை, காஸ்பரி பட்டை. ராபர்ட் காஸ்பரி என்ற ஜெர்மானியர் 1860-களில் விவரித்தது. குஞ்சப்பனை செக்போஸ்ட் மாதிரி, அதுவரை எப்படி வந்திருந்தாலும் அங்கே நின்று ஒரு செல்சவ்வைக் கடந்துதான் மேலே போக வேண்டும். எதை விடுவது என்று செடி அங்கே தீர்மானிக்கிறது. செடிக்குச் செடி தீர்மானமும் வேறு. நம் மலையின் அமிலம் ஏறிப் புளித்த மண்ணில் கரைந்து கிடக்கும் அலுமினியம் பல பயிர்களின் வேர்நுனியைக் கருக்கிவிடும். தேயிலை அதை உள்ளே விட்டு முற்றிய இலைகளில் சேர்த்து வைக்கிறது. வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் அதே அலுமினியத்தால்தான்.

உள்ளே போனபின் தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலக் குழாய்கள், எல்லாம் செத்த செல்கள். இலையில் நீர் ஆவியாகிற இழுப்பில் மேலே ஏறுகிறது. மூடுபனி நாளில் அந்த இழுப்பு இருக்காது. அப்புறமும் வேர் உப்பைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், உப்பைத் தேடித் தண்ணீர் வரும், அழுத்தம் கூடும். காலையில் எங்கள் ஸ்ட்ராபெரிச் செடியைப் பார்த்தால் இலை விளிம்பில் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு துளி நிற்கும். பனியாக இருந்தால் இலை முழுக்க நனைந்திருக்குமே. இது வேர் தள்ளிய நீர். ஓட்டை அடைத்துப்போன தொட்டியில் உள்ள செடியில் அந்தத் துளி வருவதில்லை.

அதனால் முதலில் பள்ளத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டு, பழைய கான் இருந்தால் மண்ணை அள்ளு. மஞ்சளான செடி ஒன்றின் பக்கத்தில் மெதுவாகத் தோண்டிப் பார். நுனிவேர் வெள்ளையாக இருந்தால் பயமில்லை. பழுப்பாகி அழுகல் நாற்றம் அடித்தால், புது வேர் விடும்வரை உரத்தைத் தொடாதே, விட்டபிறகும் கொஞ்சம் கொஞ்சமாகவே வை. இன்னொன்றும் பார்த்து எழுது: இலை முழுக்க மஞ்சளா, நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் மஞ்சளா? நரம்பு பச்சை என்றால் மெக்னீசியம் குறைவாகவும் இருக்கலாம். உங்கள் தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, இலையையும் மண்ணையும் கொண்டுபோய்க் காட்டு.

பொங்கல் கழிந்து நானும் அவளும் வருகிறோம். நம் தோட்டத்து டீத்தூள் எடுத்து வருகிறேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராஜு