பேயைக் கேட்டீர்கள், ஆபரேட்டரைக் கேட்கவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையைச் சுற்றியிருந்த திறந்தவெளித் தியேட்டர்களிலும் டூரிங் கொட்டகைகளிலும் பேய் நடமாடியதாக ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. ஆனால் பேயைப் பார்த்தவர், கேள்விப்பட்டவர் என்று அத்தனை பேரிடம் பேசியவர், உள்ளே வேலை பார்த்த ஒரு ஆளைக்கூடக் கேட்கவில்லை. நான் பூந்தமல்லி, போரூர் பக்கம் டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவன். அதனால் எழுதுகிறேன்.

டூரிங் கொட்டகையை ஊர் நடுவில் போட முடியாது. நிரந்தரத் தியேட்டரை விட்டுத் தள்ளித்தான் போட வேண்டும் என்பது அன்றைய லைசென்ஸ் விதி. வாடகையும் கட்டுப்படியாக வேண்டும். ஆகவே ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை என்றுதான் இடம் அமையும். அந்த வழியாக செகண்ட் ஷோ விட்டுப் போகிறவனுக்குப் பனைமரம் அசைந்தாலும் பேய்தான்.

எங்கள் பக்கம் பேசப்பட்டது கொள்ளிவாய்ப் பிசாசு. அதன் கதையைச் சொல்கிறேன். அப்போது புரொஜெக்டரில் பல்பு கிடையாது. மின்சாரம் பாயும் இரண்டு கார்பன் குச்சிகளின் முனையைத் தொடவைத்து லேசாகப் பிரித்தால் நடுவில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வரும். குச்சி தேயத் தேய நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கி, தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். தேய்ந்த துண்டை மணல் டப்பாவில் போடுவதுதான் முறை. அசிஸ்டெண்ட் பையன்கள் சோம்பல்பட்டு ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். கனன்றுகொண்டிருக்கும் துண்டு இருட்டில் சிவப்பாகப் பறந்துபோய்க் கருவேல முள்ளுக்குள் விழும். காலையில் டீக்கடையில் அதுதான் பேச்சு. அந்தக் குச்சிக்கு மேலே செம்புப் பூச்சு உண்டு. அதைப் பொறுக்க விடியும்போதே வந்து நிற்கும் பொடியன்களுக்கு எந்தப் பிசாசும் தெரியாது!

வெள்ளைச் சேலை மோகினி வேறு கதை. தட்டிக்கு அடியில் புகுந்து ஓசியில் படம் பார்க்க வருகிறவர்களைத் தடுக்க எங்கள் முதலாளியே கிளப்பிவிட்டது அது. இரண்டு வாட்ச்மேன் சம்பளம் மிச்சம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்கு மோகினியிடம் பயமில்லை, மணலில் ஊர்ந்து வரும் பாம்பிடம்தான் பயம்.

காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டரின் பேய்க்கும் இதே மாதிரி காரணம் உண்டு. அங்கே சத்தம் கம்பத்தில் மாட்டிய சின்ன ஸ்பீக்கரிலோ கார் ரேடியோவிலோதான் வரும். வெளியே ரோட்டில் போகிறவனுக்கு, மரங்களுக்கு மேலே ராட்சத முகம் ஒன்று சத்தமே இல்லாமல் வாயசைப்பது மட்டும் தெரியும். யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? இதைக் கட்டுரையாளர் யோசித்திருக்கலாம். டிரைவ்-இன் நம் ஊர்ச் சரக்கு என்பது போலவும் எழுதியிருக்கிறார். 1933-இல் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டனில், ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் ஆரம்பித்தது அது.

நம் ஊர்ச் சரக்கு கூடாரம்தான். 1905-இல் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். இத்தனை பெரிய கட்டுரையில் அவர் பெயருக்கு ஒரு வரி இடமில்லையா?

பேய்க் கதையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் வெள்ளிக்கிழமை புரொஜெக்டருக்குச் சூடம் காட்டாமல் ரீல் மாட்டியதில்லை. ஆனால் கதையோடு சேர்த்து வேலையையும் எழுதுங்கள். டிஜிட்டல் வந்த பிறகு பல புரொஜெக்டர்கள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. ஓட்டியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறோம், கேட்டால் சொல்வோம். ஒரே மெஷினை வைத்துக்கொண்டு ரீல் மாற்ற நடுவில் இரண்டு மூன்று இடைவேளை விட்டுப் படம் ஓட்டியது, மழையில் ரீல் பெட்டியைத் தலையில் சுமந்து ஓடியது, இதெல்லாம் பேயைவிடக் குறைந்த சுவாரஸ்யம் இல்லை.

அப்புறம் ஒன்று. கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இருப்பது 16 எம்.எம். புரொஜெக்டர். நாங்கள் ஓட்டியது 35. அடுத்த முறை பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
போரூர், சென்னை