முதல் இதழ் அச்சுக்குப் போகும் முன்

அன்பு மகளுக்கு,

நீயும் நண்பர்களும் சேர்ந்து அச்சில் ஓர் இதழ் கொண்டுவரப் போவதாக எழுதியிருந்தாய். எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரு வட்டமாகக் கூடியிருக்கிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. நான் வேலைக்காலம் முழுக்க மெய்ப்பு பார்த்தவள், அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவள். எத்தனையோ சிற்றிதழ்கள் என் மேசையைத் தாண்டிப் போயின. பணம் தீர்ந்து நின்றவை உண்டு. நண்பர்களுக்குள் மனக்கசப்பு வந்து நின்றவைதான் அதிகம். அதனால் காகிதம், அச்சு எல்லாம் அப்புறம். முதலில் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

யார் முடிவெடுப்பது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். ஒரு கவிதை வருமா வராதா என்று வட்டம் முழுக்கக் கூடி வாக்கெடுத்தால், யாரையும் உறுத்தாத படைப்புகள்தான் தேறும். யாரோ ஒருவர் உயிரைக் கொடுத்து வாதாடக்கூடிய கவிதை முதல் சுற்றிலேயே விழுந்துவிடும். ஆகவே இதழுக்கு ஓர் ஆசிரியர் என்று வையுங்கள். அடுத்த இதழுக்கு வேறொருவர் வரட்டும். அந்த இதழில் அவர் சொல்வதே முடிவு, மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம். ஆசிரியராக இருக்கிற இதழில் அவருடைய சொந்தப் படைப்பு வரக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கறாராகத் தெரியும், ஆனால் பின்னால் வரும் பேச்சுகளில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கப்போவது நண்பரின் படைப்பைத் திருப்பி அனுப்புவது. அப்போது ஆளைப் பார்க்காதே, வரியைப் பார். "இந்த முறை இடமில்லை" என்று எழுதினால் அவர் நம்பமாட்டார், நம்பினாலும் அது பொய். "மூன்றாவது பத்தி வரைக்கும் கதை என்னைப் பிடித்து வைத்திருந்தது, அதன்பிறகு அந்தப் பெண் ஏன் வீட்டைவிட்டுப் போகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை" என்று எழுது. ஒருவர் தன் எழுத்தை இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார் என்று தெரிந்தால், திரும்பி வந்த கதையைக்கூட மனிதர்கள் கோபமில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். பதிலே போடாமல் இருப்பதுதான் மன்னிக்க முடியாதது. மாதக்கணக்கில் காத்திருந்தவர் அடுத்த முறை உங்களுக்கு எதுவும் அனுப்பமாட்டார், இன்னும் பத்துப் பேரிடமும் சொல்வார். எத்தனை படைப்புகளுக்கு உங்களால் பதில் எழுத முடியுமோ அத்தனையை மட்டும் வாங்குங்கள். வாசலைக் கொஞ்ச நாள் திறந்து, கொஞ்ச நாள் மூடி வைப்பதில் தவறில்லை.

பிறகு பணம். காகிதக்காரருக்குக் கொடுக்கிறோம், அச்சகத்துக்குக் கொடுக்கிறோம், தபாலுக்குக் கொடுக்கிறோம். எழுதினவருக்கு மட்டும் "இலக்கிய சேவை" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறோம். எனக்கு இது என்றைக்கும் சரியாகப் பட்டதில்லை. சின்னத் தொகையாக இருந்தாலும் கொடுங்கள், பெயர் பெற்றவர் புதியவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தொகை. ஹாரியட் மன்றோ 1912-இல் சிகாகோவில் 'பொயட்ரி' என்ற கவிதை இதழைத் தொடங்கியபோது, நூறு பேரைத் தேடிப்போய், ஆளுக்கு ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள் தருவதாக முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொண்டார். கவிஞர்களுக்குப் பணம் கொடுப்பது என்றும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார். அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு நூறு பேர் தேவைப்படாது. ஆனால் "முதல் இதழ் போடலாம், அப்புறம் பார்ப்போம்" என்று இறங்காமல், முதல் நான்கு இதழ்களுக்கான பணம் எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

சந்தாவாக வரும் பணத்தை வருமானக் கணக்கில் எழுதாதே. இதழ் கைக்குப் போய்ச்சேரும் வரை அது கடன். 'ஓர் ஆண்டுச் சந்தா' என்று போடாமல் 'நான்கு இதழ்களுக்கு' என்று போடு. ஓர் இதழ் தாமதமானாலும் வாசகருக்குச் சேரவேண்டியது குறையாது. ஆயுள் சந்தா மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே முறை பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டு, காலம் முழுக்கத் தபால் செலவு பார்க்கவேண்டி வரும். படைப்பாளியிடம் எது வாங்குகிறீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள்: முதலில் வெளியிடும் உரிமை உங்களுக்கு, அதன்பிறகு எல்லா உரிமையும் அவருக்கு.

எத்தனை பிரதி அடிப்பது என்று கேட்டிருந்தாய். பக்கத்தை உலோகத் தகட்டில் ஏற்றி அடிப்பது ஆஃப்செட். அந்தத் தகட்டை, அதாவது பிளேட்டைப் போடுவதற்கும் இயந்திரத்தைத் தயார் செய்வதற்கும் ஆகும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக்கூடப் பிரதிக்கு அடக்கவிலை குறையும், "இன்னும் ஐந்நூறு சேர்த்து அடித்தால் லாபம்" என்று அச்சகத்தில் சொல்வார்கள். அந்த ஐந்நூறும் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தால் லாபம் எங்கே? தொடக்கத்தில், பிளேட் இல்லாமல் கணினியிலிருந்து நேரே அடிக்கும் டிஜிட்டல் அச்சே போதும். பிரதிக்கு விலை கூடுதலாக இருந்தாலும், வேண்டியதை மட்டும் அடித்து, கேட்பவர்கள் வந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

பக்கங்களை வடிவமைக்கும் முன்னால் வெற்றுத்தாளை மடித்துக் கையால் ஒரு டம்மி, அதாவது மாதிரி இதழ், செய். நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 48 பக்கத்துக்குப் பன்னிரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்து, பென்சிலால் எண் போட்டுப் பார். 1-ஆம் பக்கம் இருக்கும் அதே தாளில் 48 இருக்கும், 2-க்குப் பக்கத்தில் 47 இருக்கும், நடுவில் 24-உம் 25-உம் சேர்ந்து ஒரே தாளாக விரியும். இரண்டு பக்க ஓவியம் போட வேண்டும் என்றால் அந்த நடுத்தாள்தான் அதற்கான இடம். வேறெங்கே போட்டாலும் இரு பாதியும் இரு வேறு தாள்களில் அச்சாகும், கோடு கொஞ்சமாவது விலகும். ஓரத்தைக் கவனி: உள்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு வரும், வெட்டும்போது அவற்றின் வெளி ஓரம்தான் அதிகம் போகும். பக்க எண்ணை விளிம்பில் ஒட்டவைத்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும்.

எழுத்துகள் கறுப்பு மை ஒன்றிலேயே வரட்டும். வண்ண அச்சுக்கான நான்கு மையும் (நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பில் சின்ன எழுத்தை அடித்தால், பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் விளிம்பு கலங்கித் தெரியும். திரையில் பளீரென்று ஒளிரும் நீலமும் பச்சையும் நான்கு மையில் அப்படியே வராது. இதை ஓவியரிடம் முன்னாலேயே சொல்லிவிடு, முடிந்தால் அதே தாளில் ஒரு மாதிரி எடுத்துக் காட்டு. இதழ் கைக்கு வந்தபிறகு அவர் முகம் வாடுவதைப் பார்ப்பதைவிட இது நல்லது.

விற்பனையில் கடைகளை ரொம்ப நம்பிவிடாதே. கடைக்காரருக்கு விடும் கழிவு போக மிஞ்சுவதும் தாமதமாகத்தான் வரும், திரும்பி வரும் பிரதிகள் அழுக்காகியிருக்கும். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி நடத்திய சி.சு. செல்லப்பா, தான் பதிப்பித்த புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அப்படி உடம்பை வருத்திக்கொள் என்று சொல்லவில்லை. வாசகரை நேரில் பார்க்கும் இடங்களுக்குப் போ. வாசிப்புக் கூட்டம் நடத்துங்கள், எழுதினவரே தன் கவிதையை வாசிக்கட்டும், அங்கேயே மேசை போட்டு விற்கட்டும். உங்கள் வட்டத்துக்கு அடுத்த ஆள் பெரும்பாலும் அந்த மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்பார்.

மெய்ப்பை நான் பார்த்துத் தருகிறேன், வேறு யாருக்கும் கொடுக்காதே. திரையில் பார்த்தால் எனக்குப் பிழை கண்ணில் படாது, தாளில் எடுத்து அனுப்பு. கவிதைகளுக்குக் கவிஞர்கள் அனுப்பிய மூலத்தையும் சேர்த்து வை. பத்தியின் அகலம் போதாமல் வரி தானாக உடைந்ததா, கவிஞரே அங்கே உடைத்தாரா என்று மூலம் இல்லாமல் எனக்குத் தெரியாது. எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி அனுப்பட்டும். முதலெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா இல்லையா என்பதுவரை அதைப் பார்த்துத்தான் சரிசெய்வேன்.

அன்புடன்,
அம்மா